பிடித்து வைத்த ஷட்ஜம்

ஆகஸ்ட் 20, புதன்

ஏ.சி.க்கு நேர் கீழே மேடை போட்டிருந்தார்கள். முதுகு பிடித்துக்கொண்டது. கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கிறவர்களை எங்கே உட்காரவைப்பது என்று திருச்சியில் ஒருவருக்கும் தெரியாது. பூ அலங்காரம், கேக் மேஜை, செல்ஃபி எடுக்கிற இடம் எல்லாம் போக மிஞ்சுகிற மூலைதான் நமக்கு.

முன்னால் இவர், எலக்ட்ரிக் வயலினோடு. பக்கத்தில் ஜெரால்டு, ரிதம் பேடோடு. இவருக்குப் பின்னால் நான், மடியில் பெட்டியோடு. தம்புரா போடுகிறவர் உட்காரும் இடம் அது. ஜனங்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தம்புராவைத் தேடுகிறார்கள். ஒரு அம்மாள் வந்து கேட்டேவிட்டார். "நீங்க என்னம்மா வாசிக்கிறீங்க?" "அவரைத்தான்" என்று வாய் வரைக்கும் வந்தது. "சும்மா கூட வந்தேங்க" என்றேன்.

வயலின் சத்தத்தை மாற்றிக் கொடுக்கிற இந்தப் பெட்டி கிதார்காரர்களுக்காகச் செய்தது. அவர்கள் நின்றுகொண்டு காலால் மிதிப்பார்கள். ஒரு விசையை மிதித்தால் பெரிய மண்டபத்தில் வாசிப்பதுபோல் எதிரொலி வரும், இன்னொன்றை மிதித்தால் இரண்டு வயலின் சேர்ந்தாற்போல் கேட்கும். எங்கள் வீட்டு வித்வான் தரையில் உட்கார்ந்து, வலது காலில் வயலின் தலையை ஊன்றி வாசிக்கிறவர். காலை எடுத்தால் வயலின் விழுந்துவிடும். ஆகவே என் கைதான் அவருக்குக் கால்.

குளிரில் இன்று அவருடைய வில் பிடிக்கிற கை கொஞ்சம் உதறியது. அடுத்த தடவை ஏ.சி.யைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜெரால்டு வீட்டுக்கு வந்து பெட்டியில் ஒரு விசையைக் காட்டினான். "இது ஃப்ரீஸ், அண்ணி. அண்ணன் ஒரு சுரத்தைப் புடிச்சதும் இதை அமுக்குங்க. அந்தச் சத்தம் அப்படியே நிக்கும். நீங்க மறுபடி அமுக்குற வரைக்கும் போகாது."

சாயங்காலம் கரூர் பைபாஸில் ஒரு ரிசப்ஷன். பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் கடைசியில் மேல் ஷட்ஜத்தை நீட்ட வேண்டும். மெதுவாக இழுக்கும்போதுதான் கை உதறுகிறது. உதற ஆரம்பிக்கும் முன் நான் அமுக்கினேன். சத்தம் கம்பி போட்டாற்போல் நின்றது. அவர் திடுக்கிட்டு வில்லைத் தூக்கிவிட்டார். சத்தம் அதுபாட்டுக்கு இருந்தது. பந்தியிலிருந்து கை கழுவிவிட்டு வந்தவர்கள்கூட நின்று கைதட்டினார்கள்.

"ஒரே வில்லுல எவ்வளவு நேரம் இழுக்கிறாரு பாருங்க!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியில் இவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். களைப்பாக இருக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

சட்டைகளில் பட்டனையெல்லாம் பிரித்துவிட்டு அமுக்குப் பட்டன் தைத்தேன். இப்போது தையற்கடைக்காரர்கள் காஜாவைச் சின்னதாகப் போட்டுவிடுகிறார்கள். பட்டன் போடுவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடுகிறது.

காலையில் பால் அடிப்பிடித்துத் தெரு முழுவதும் நாறியது. அவர் அடுப்பங்கரையிலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, மூக்கு எங்க போச்சு?" என்றேன். "ஏன், என்ன வாசனை?" என்கிறார். கவனமே கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான்.

நேற்று ரிசப்ஷனில் மணப்பெண் ஆசையாக ஒரு அட்டையில் ஆசீர்வாதம் எழுதிக் கேட்டாள். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிக் கொடுத்தார். பேனா மட்டமான பேனா.

செப்டம்பர் 11, வியாழன்

அவமானம். என்னால்தான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு அறுபதாம் கல்யாணம். பெரியவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்து, "கொஞ்சம் தோடி வாசிங்கோ" என்றார். ரிசப்ஷன் மேடையில் எவர் தோடி கேட்கிறார்கள்? இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. நன்றாகத்தான் தொடங்கினார். காந்தாரத்துக்கு வந்து நிற்கும்போது கை உதறுமோ என்ற பயத்தில் நான் அமுக்கிவிட்டேன்.

தோடிக் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். எனக்கும் தெரியும், பெண் பார்க்க வந்த அன்று தம்புராவோடு பாடிக் காட்டியவள்தானே. அசைகிற வழியில் எந்த இடத்தில் அமுக்கினேனோ, பெட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. காந்தாரமும் இல்லை, பக்கத்துச் சுரமும் இல்லை, எந்த ராகத்துக்கும் உதவாத ஒரு ஊளை. பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார். பதற்றத்தில் எனக்கு எந்த விசை என்று மறந்துபோயிற்று. ஜெரால்டு பேடில் தடதடவென்று உருட்டி எப்படியோ மூடி மறைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கோபப்படவில்லை. "சா, பா ரெண்டுதான் அசையாத சுரம், வல்லி. பெட்டிக்கு அந்த ரெண்டுதான் கிடைக்கும். மத்ததெல்லாம் அசைஞ்சாத்தான் அது. புடிச்சு வெச்சா செத்துப்போயிடும்" என்றார்.

இனிமேல் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் மட்டும்தான், அதுவும் அவர் கழுத்தைச் சாய்த்துக் காட்டினால்தான் அமுக்குவேன்.

செப்டம்பர் 22, திங்கள்

தில்லை நகரில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நடக்கச் சொன்னார். நடக்கும்போது இவருடைய வலது கை வீசவே இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு போகிற கைபோல் உடம்போடு கிடந்தது. நான் கவனித்ததில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். தட்டத் தட்ட விரல்கள் விரியும் இடைவெளி சின்னதாகிக்கொண்டே போயிற்று.

நரம்பில் ஏதோ தளர்ச்சியாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

பெட்டவாய்த்தலையிலிருந்து ஒரு ரிசப்ஷனுக்குக் கேட்டார்கள். ஐப்பசியில். இவர், "வேண்டாம்னு சொல்லிடேன்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனசு விட்டுப்போகும். அவருக்கு.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. வயலினைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். இவர் பெட்டியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"ஐயே, அது கிதார்காரங்க மிதிக்கிற சாமான். அதைப் போயி..."

"அவங்க மிதிக்கட்டும். நீ கையாலதானே தொடற. உன் வாத்தியம் அது" என்று அவரே குங்குமம் வைத்தார். வைத்த பொட்டு இழுத்துக்கொண்டு போயிற்று. நான் துடைத்துச் சரியாக வைத்தேன்.

என் வாத்தியமாம். சிரிப்பாக இருந்தது. அப்புறம் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்க்க அந்த அறைக்குப் பல தடவை போனேன். விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலையில் வயலினை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒயரை மாட்டவில்லை. எலக்ட்ரிக் வயலினுக்கு ஒயர் இல்லாவிட்டால் உடம்பே கிடையாது, கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். அந்தக் கொசுச் சத்தத்தில் பகல் முழுவதும் வாசித்தார். வில் கம்பியில் தடுக்கித் தடுக்கி வந்தது. சமையல் செய்துகொண்டே கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வசதி பண்ணி வைத்திருக்கும்போது என்ன பிடிவாதம்?

உள்ளே போய் ஒயரை மாட்டிவிட்டு, எதிரொலியையும் போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்ல செய்தி. உறையூர் இசை ரசிகர் வட்டத்திலிருந்து பூவராகன் சார் வந்திருந்தார். நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. ஹாலில். சாப்பாடு கிடையாது, பூ அலங்காரம் கிடையாது, கேட்பதற்கென்றே ஜனங்கள் வருவார்கள். இவர் வாழ்நாளெல்லாம் ஏங்கியது இதற்குத்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார், அவர் வெளியே வருவதற்குள் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார், "ரெண்டு மணி நேரமா?"

அதற்கும் வழி இருக்கிறது. பெட்டியில் லூப்பர் என்று ஒன்று உண்டு. வாசிப்பதைப் பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பி வாசிக்கும். காலை மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் அவர் கை பழைய கைதான். அப்போது கல்யாணி ராகத்தில் துரித காலத்துச் சங்கதிகளை வாசிக்கச் சொல்லிப் பிடித்து வைத்துக்கொண்டால், மேடையில் நான் விசையை அமுக்குவேன், அவர் வில்லை ஓட்டிக்கொண்டிருந்தால் போதும். ஊரில் யார் செய்யவில்லை?

இன்றே ஆரம்பித்தோம். பிரமாதமாக வந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டால் நடுவில் எங்கள் குக்கர் விசில் அடிக்கிறது. மறுபடி வாசிப்பதற்குள் கை போய்விட்டது. நாளையிலிருந்து அவர் வாசித்து முடித்த பிறகுதான் சமையல்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அவர் தலையில் நானே எண்ணெய் வைத்துவிட்டேன். அவர் எனக்கு வைக்க வந்தார், கண்ணில் வழிந்தது.

அக்டோபர் 27, திங்கள்

நேற்று பெட்டவாய்த்தலை. ஜெரால்டு வண்டியில் சாமானை ஏற்றிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணி, பஞ்சமத்துல அண்ணன் வில்லை எடுத்து மடியில வெச்சிட்டாரு. சத்தம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. முன்னாடி இருந்த ஒருத்தரு பாத்துட்டுச் சிரிச்சாரு."

"நீ தாளத்தைப் பாரு" என்றேன்.

"நான் தாளத்தைத்தான் பாக்குறேன் அண்ணி. வாசிக்கிறவரு நிறுத்துனா நானும் நிறுத்தணும். இப்ப யாரு நிறுத்துனா நிறுத்தணும்னே தெரியல." அவன் ஒன்றும் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நடுக்குவாதம். எழுதிவிட்டேன். போன மாதமே டாக்டர் அந்தப் பெயரைத்தான் சொன்னார். மாத்திரை கொஞ்ச காலம் கை கொடுக்கும், பிறகு குறையும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார். நான் இங்கே தளர்ச்சி என்று எழுதி வைத்தேன். இந்த நோட்டை என்னைத் தவிர ஒருவரும் படிக்கப்போவதில்லை, யாரிடம் மறைத்தேனோ.

அலுத்துவிட்டது. தூக்குவது, இறக்குவது, பட்டன், மாத்திரை, அவருக்குக் கை எப்போது உதறும் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவரும் அலுத்துத்தான் போயிருக்கிறார். இரண்டு பேரும் சொல்லிக்கொள்வதில்லை.

நவம்பர் 1, சனி

நாளைக்குக் கச்சேரி. காலையில் ஒத்திகை பார்த்தோம். கல்யாணி லூப் ஓடியது. அவர் வில்லைக் கம்பியில் படாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பாதியில் வயலினைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க?"

"இவரு நல்லா வாசிக்கிறாரு" என்றார், ஸ்பீக்கரைப் பார்த்து.

"நீங்க வாசிச்சதுதானே!"

"போன வாரம் காலைல வாசிச்சது. நாளைக்கு வர்றவங்க நாளைக்கு நான் வாசிக்கிறதைக் கேக்க வர்றாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு உங்களால வாசிக்க முடியுமா? முடியும்னா சொல்லுங்க, இந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணத்துல போட்டுடறேன். யாருக்காக இவ்வளவும் பண்றேன்? உங்க பேரு கெடக்கூடாதுன்னுதானே?"

அவர் வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான், வல்லி. அதுக்குள்ள அது எப்படி வாசிக்குதுன்னு எனக்குக் கேக்கணும். நீ அமுக்கினா உன் சத்தம்தான் கேக்குது. நல்லாத்தான் இருக்கு. எனக்கு என்னுது கேக்கல."

"பின்ன ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?"

"உன் முகம். அமுக்கிட்டு நிமிருவ பாரு, அப்ப எப்படி இருக்கும் தெரியுமா? ஜெரால்டு ஒரு தரம் போன்ல எடுத்துக் காட்டினான். கெடுக்க மனசு வரல."

எழுந்து போய்த் துணியைக் காயப்போட்டேன். மழை வருகிறாற்போல் இருந்தது, மறுபடி எடுத்து உள்ளே போட்டேன். அவர் சொன்னது பொய் இல்லை. சத்தம் நிற்கும்போது, அந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பது நான்தான் என்று எனக்கு உள்ளே ஒரு ஆனந்தம் உண்டு. தம்புராவை மூலையில் வைத்துவிட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவளுக்கு அது பெரிய ஆனந்தம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் நாளைக்கு ஹாலில் உட்காருகிறவர்கள் வில்லைத்தான் பார்ப்பார்கள். தடுக்கினால் பேசுவார்கள். கல்யாணியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

மழையிலும் ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வித்வான்கள் சிலர். முதலில் இரண்டு சின்ன உருப்படிகள், மாத்திரை உதவியிலேயே ஓடிவிட்டன. ஷட்ஜங்களில் நான் பார்த்துக்கொண்டேன். அடுத்தது கல்யாணி. லூப் விசையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் மைக்கை வாங்கினார். "அடுத்து தோடி வாசிக்கிறேன்" என்றார்.

ஜெரால்டு என்னைப் பார்த்தான். தோடியில் எதையும் பதிந்து வைக்கவில்லை. தோடியில் அமுக்கவும் முடியாது, அமுக்கினால் என்ன ஆகும் என்று ஸ்ரீரங்கத்திலேயே பார்த்தாயிற்று. இவர் வேண்டுமென்றேதான் இந்த ராகத்தை எடுத்திருக்கிறார். என் கையைக் கட்டிப் போடுவதற்கென்றே.

வாசித்தார். இடது கை எல்லாம் தெரிந்த கை, காந்தாரத்தை அசைத்த அசைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வில்தான் தடுக்கியது. இழுக்கும் இடங்களில் சத்தம் துண்டு துண்டாக வந்தது. முதல் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பின்னால் இரண்டு பேர் எழுந்து போனார்கள். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. எழுந்து, அவர் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது. இந்த உலகத்தில் எனக்கு இருப்பது இந்த முதுகு ஒன்றுதான் என்று தோன்றியது.

முடிவுக்கு வந்தார். எந்த ராகமானாலும் கடைசியில் ஷட்ஜத்தில்தான் வந்து நிற்க வேண்டும். மேல் ஷட்ஜத்தைப் பிடித்தார், நீட்டினார். உதற ஆரம்பித்தது.

என் விரல் ஃப்ரீஸ் விசையின் மேல் இருந்தது. எப்போது போய் வைத்ததென்று தெரியாது. ஒரு அமுக்கு. அமுக்கினால் அந்தச் சத்தம் கம்பியாய் நிற்கும், இத்தனை நேரம் தடுக்கியதையெல்லாம் ஜனங்கள் மறந்துவிடுவார்கள், எழுந்து நின்று கைதட்டுவார்கள். எப்போதும் இந்த இடத்தில் கழுத்தை லேசாகச் சாய்ப்பார், அமுக்கு என்று அர்த்தம். இன்று சாய்க்கவில்லை. திரும்பவும் இல்லை.

கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஷட்ஜம் நடுங்கியது. ஒரு இடத்தில் அறுந்தேபோயிற்று. அவர் மறுபடி எடுத்தார். கொஞ்ச தூரம் போய், அவரே போதும் என்று முடித்துக்கொண்டார். நன்றாக இருந்தது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. அழுகை வந்துவிட்டது. ஜெரால்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கோ பார்த்தான்.

கைதட்டல் தாமதமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பூவராகன் சார் சால்வை போர்த்தும்போது மெதுவாக, "உடம்பு சரியில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், தள்ளி வெச்சிருப்போமே" என்றார்.

"தள்ளி வெச்சா இதைவிட மோசமா இருக்கும் சார்" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

ஆட்டோவில் நான் கேட்டேன், "தோடி எடுத்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தானே?"

"ம்."

"கடைசியில ஷட்ஜம் இருந்துச்சே."

"அதுக்குத்தான் பயந்துக்கிட்டே வாசிச்சேன்."

வெளியே மழை கொட்டியது. அவர் வலது கை என் தொடைமேல் கிடந்து ஆடிக்கொண்டே வந்தது. நான் அதைப் பிடித்து நிறுத்தவில்லை.

நவம்பர் 3, திங்கள்

உடம்பெல்லாம் வலி. வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். சமையல் செய்யப் பிடிக்கவில்லை, இட்லி வாங்கி வரச் சொன்னேன்.

குளித்தலையிலிருந்து ஒரு பெண் வீட்டார் ரிசப்ஷனுக்குக் கேட்டுப் பேசினார்கள். போனை அவரிடம் கொடுத்தேன்.

"வாசிக்கிறேங்க. கை நடுங்கும், பரவாயில்லையா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க, கேட்டுட்டே சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். இனிமேல் கூப்பிட மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மத்தியானம் அவர் அடுத்த அறையில் வாசிக்க உட்கார்ந்தார். எனக்கு அங்கே வேலை இல்லை. பாயை விரித்துப் படுத்தேன். தடுக்கித் தடுக்கி வந்தது. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். சத்தம் நின்றபோதெல்லாம் விழிப்பு வந்தது. மறுபடி தொடங்குகிற வரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன்.